இரண்டு சீட் இங்கே, இரண்டு சீட் அங்கே

பனிச்சறுக்குக்குப் போகலாம், அப்படியே மெல்பனுக்குப் போய் பெண்களின் சர்வதேசக் கால்பந்து ஆட்டமும் பார்த்துவிட்டு வரலாம் என்ற யோசனை என்னுடையது இல்லை. முதல் எரிச்சலே அதுதான். ஜூலைப் பள்ளி விடுமுறைக்கு மகளை எங்கே கூட்டிக்கொண்டு போவது என்று நான் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். கோல்ட் கோஸ்ட்டில் ஹோட்டல் வரைக்கும் பார்த்து வைத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை கால்பந்துப் பயிற்சி முடிந்து சேற்றுக் காலோடு வீட்டுக்குள் ஓடி வந்தவள், "அம்மா, வீ ஆர் கோயிங் டு த ஸ்நோ! அன்ரி எல்லாம் பிளான் பண்ணிட்டாங்க. அப்பாவும் ஓகே சொல்லிட்டாரு" என்றாள். வீட்டில் கடைசியாகச் செய்தி தெரிந்த ஆள் நான்தான்.

அன்ரி என்று எங்கள் வீட்டில் சொன்னால் அது ஒருவர்தான். சிட்னியில், கிரவீனில் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். யாழ்ப்பாணத்தில் பிறந்து, சின்ன வயதிலேயே பெற்றோரோடு நோர்வேக்குப் போய், அங்கேயே படித்து வளர்ந்து, கல்யாணமாகி சிட்னிக்கு வந்தவர். கல்யாணம் நிலைக்கவில்லை, பிள்ளைகள் இல்லை, சிட்னி மட்டும் அவருக்கு நிலைத்துவிட்டது. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர் என்பதால் நான் அக்கா என்பேன், மகள் அன்ரி என்பாள். வெஸ்ட்மீட்டில் எனக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை, அவருக்குப் பக்கத்திலேயே ஒரு பல் மருத்துவரிடம் வேலை. காலையில் ஒரே ரயிலில்தான் போவோம். சனிக்கிழமைகளில் பெண் பிள்ளைகளின் கால்பந்துக் குழுவுக்கு அவர்தான் பயிற்சியாளர். எனக்கு அறுவை சிகிச்சை நடந்து வீட்டில் கிடந்தபோது தினமும் சோறு கொண்டுவந்து கொடுத்த மனுஷி. இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிமேல் நான் சொல்லப்போவதில் அவரைப் பற்றி நல்லதாக அதிகம் வராது.

என் மகளுக்கு அப்போது பதிமூன்று வயது. "ஸ்கூல் எப்படி இருந்துச்சு?" என்று நான் கேட்டால், "ஃபைன்" என்பாள். அதோடு கதவு சாத்தப்படும். அதே கேள்வியை அன்ரி தெருவில் நின்று கேட்டால் போதும், யார் யாரோடு பேசவில்லை, கணக்கு டீச்சர் என்ன சொன்னார், அவர் சொல்லிக்கொடுத்த பயிற்சியை வீட்டுப் பின்பக்கம் எத்தனை தடவை செய்து பார்த்தாள், எல்லாம் கொட்டும். காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு நான் பக்கத்தில் நிற்பேன். என் மகளைப் பற்றிய செய்திகளை அப்படி ஒட்டுக்கேட்டுத்தான் நான் தெரிந்துகொண்டேன். இதற்கு நாகரிகமாக வேறு பெயர் எதுவும் வைக்க விரும்பவில்லை. வயிறு எரிந்தது.

ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்கியதும் அவர்தான். நாலு பேருக்கும் சேர்ந்தாற்போல இடம் கிடைக்கவில்லை. இரண்டு சீட் மைதானத்துக்குப் பக்கத்தில், இரண்டு சீட் எதிர்ப்பக்கம் உயரத்தில். எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் மகள், "நான் அன்ரி கூட. ஷீ ஆக்சுவலி கெட்ஸ் த கேம், மா" என்றாள். என் கணவர், "அதுவும் சரிதான், நமக்கு என்ன தெரியப்போகுது" என்று தலையாட்டினார். அவருக்கு எல்லாமே சரிதான். நான் எழுந்து போய் யாரும் கேட்காத காப்பியைப் போட்டேன்.

அன்றே ஒரு முடிவு எடுத்தேன். அன்ரி விடுப்பு எடுத்த நாள்களில் ரயிலிலும், மற்ற நாள்களில் மதிய இடைவேளையிலும் போனில் ஆஃப்சைட் என்றால் என்ன என்று விளக்கும் வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்தேன். ஹெட்போன் மாட்டிக்கொண்டு ரகசியமாகத்தான். பந்தை உதைக்கும் நொடியில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும், பந்து வந்து சேரும் நொடியில் இல்லை. இது மண்டையில் ஏற எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. இடைவேளையில் சீட் மாற்றிக்கொள்ளலாம் என்று கேட்டு, மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, துணை நடுவரின் கொடி ஏறுவதற்கு முன்னால் "ஆஃப்சைட்" என்று சொல்ல வேண்டும். அவள் திரும்பி என்னைப் பார்க்க வேண்டும். அந்த விடுமுறையில் எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

புறப்படும் நாளில் நான் புளிசாதம், தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், ரைஸ் குக்கர், அஞ்சறைப்பெட்டி என்று காரின் பின்பக்கத்தை நிரப்பினேன். அன்ரி ஒரு பிளாஸ்க், ஒரு பாண் ரொட்டி, நோர்வேயிலிருந்து யாரோ அனுப்பிய பழுப்பு நிறச் சீஸ் ஒரு கட்டி, இவ்வளவுதான் கொண்டுவந்தார். குல்பர்ன் தாண்டி ஒரு பூங்காவில் நிறுத்தினோம். குளிரில் விரல் மடங்கவில்லை. விடியுமுன் எழுந்து தாளித்த புளிசாதத்தை மகள் ஒரு வாய் வைத்துவிட்டு, "அன்ரி, கேன் ஐ ஹாவ் த பிரவுன் சீஸ்?" என்றாள். அந்தச் சீஸை நானும் தின்று பார்த்தேன். அடிபிடித்த பால்கோவாவில் உப்பைப் போட்ட மாதிரி இருந்தது. "சூப்பரா இருக்கு அக்கா" என்றேன்.

மலைப்பாதையில் ஓரிடத்தில் சக்கரங்களுக்குச் சங்கிலி மாட்டச் சொல்லி அறிவிப்புப் பலகை. என் கணவர் காரை ஓரம் கட்டிவிட்டு, சங்கிலிப் பையைத் திறந்து, உள்ளே பாம்பு இருப்பதுபோல எட்டிப் பார்த்தார். அன்ரி இறங்கி, பனிச் சேற்றில் முழங்காலை ஊன்றி, "பிள்ளை, அந்த நுனியைப் பிடியம்மா" என்றார். மகள் பிடித்தாள். கொக்கி எங்கே மாட்டுவது, எவ்வளவு இறுக்குவது என்று இருவரும் பேசிக்கொண்டே நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வேலையை முடித்துவிட்டார்கள். மகள் கறுப்புக் கையை ஜீன்ஸில் துடைத்துக்கொண்டு சிரித்தபடி வந்து ஏறினாள். வீட்டில் ஒரு டம்ளரைக் கழுவி வைக்கச் சொன்னால் என்ன பாடு படுத்துவாள் தெரியுமா?

மறுநாள் சறுக்குமலை. வாடகை பூட்ஸ் என்பது காலுக்கு மாட்டும் இரும்புப் பெட்டி. அதை மாட்டிக்கொண்டு நடந்தபோதே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. நானும் கணவரும் புதியவர்கள் வகுப்பில் சேர்ந்தோம். எங்களோடு இருந்தவர்களில் பாதிப் பேருக்குப் பால்பல் இன்னும் விழவில்லை. கால்களின் முன்பக்கத்தைச் சேர்த்து, பின்பக்கத்தை அகட்டினால் வேகம் குறையுமாம். குழந்தைகளுக்குப் புரிவதற்காக அதைப் 'பீட்சா' என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். நான் சறுக்கிப் போகும்போதெல்லாம் அந்த இளம் பயிற்சியாளன் மலையே கேட்க "பீட்சா! பீட்சா!" என்று கத்தினான். நாற்பத்து மூன்று வயதில், ஆய்வுக்கூடத்தில் ஆறு பேருக்கு மேலாளராக இருக்கும் என்னைப் பார்த்து. பீட்சாவும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. வேலியில் போய் முட்டித்தான் நின்றேன்.

முட்டி நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே பெரிய மலைக்குப் போகும் சேர்லிஃப்டின் வரிசை. மகள் காலையில் என்னோடு அதே வகுப்பில்தான் தொடங்கினாள். மதியத்துக்குள் அன்ரி அவளை மேலே கூட்டிப் போய்விட்டார். அன்ரி தன்னுடைய பழைய சிவப்பு ஜாக்கெட்டை அவளுக்குக் கொடுத்திருந்தார். நான் வாங்கிக் கொடுத்த நீல ஜாக்கெட் காரில் கிடந்தது, இது "வார்மர்" என்பதால். மேலேயிருந்து இருவரும் வருவதைப் பார்த்தேன். அன்ரி முன்னால், இவள் அவர் போட்ட தடத்திலேயே வளைந்து வளைந்து பின்னால். அன்ரி சறுக்கியது, நான் கிரவீனில் தபால்பெட்டி வரைக்கும் போய்வருகிற மாதிரி அத்தனை இயல்பாக இருந்தது. அழகாகத்தான் இருந்தது. அது அழகாக இருந்ததுதான் என் பிரச்சினை.

இருவரும் மறுபடி மேலே போக வரிசையில் வந்து நின்றார்கள். வேலிக்கு இந்தப் பக்கம், கையெட்டும் தூரத்தில் நான் பனியில் உட்கார்ந்திருக்கிறேன். முகமூடியும் கண்ணாடியும் ஹெல்மெட்டுமாக இருந்ததால் என்னை அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை. லிஃப்ட் நாற்காலியைப் பிடித்து நிறுத்தும் பையன் அன்ரியிடம், உங்கள் மகளுக்கு இது பிறவியிலேயே வருகிறது என்று ஆங்கிலத்தில் சொன்னான். மகள் முன்னால் நின்று கையுறையைச் சரிசெய்துகொண்டிருந்தாள், அவள் காதில் விழவில்லை. அன்ரி காதில் விழுந்தது. "தேங்க்ஸ்" என்றார். நாற்காலி வந்தது, இருவரும் உட்கார்ந்து மேலே போய்விட்டார்கள்.

தேங்க்ஸ். அவ்வளவுதான். இல்லை, இவள் என் தோழியின் மகள் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பனி பேன்ட் வழியாக உள்ளே இறங்கியது. மரியாதையாக அவர், இவர் என்று எழுதிக்கொண்டு வருகிறேனே, அப்போது மனதில் 'அவள்'தான் வந்தது. அவள் விழ வேண்டும் என்று நினைத்தேன். கை கால் உடைய வேண்டாம். என் மகள் பார்க்கும்படி, அத்தனை பேர் முன்னால், என்னைப்போல அலங்கோலமாக ஒரே ஒரு தடவை விழுந்தால் போதும்.

அவர் அந்த மலையில் விழவே இல்லை. சாயங்காலம் எல்லாம் முடிந்து, தன்னுடைய சறுக்குப் பலகைகளையும் மகளுடையதையும் தோளில் தூக்கிக்கொண்டு வரும்போது, கார் நிறுத்துமிடத்தில் கண்ணாடியாக உறைந்து கிடந்த தண்ணீரில் கால் வழுக்கி, பலகைகளோடு தடாலென்று விழுந்தார். கணுக்கால் மடங்கியது. மகள் "அன்ரி!" என்று வீறிட்டுக்கொண்டு ஓடினாள். நான் இருந்த இடத்தில் நின்றேன். பயத்தில்தான்.

மருத்துவ நிலையத்தில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எலும்பில் மெல்லிய விரிசல் என்று காலுக்குப் பெரிய பூட் போட்டு, இரண்டு ஊன்றுகோல்களைக் கொடுத்து அனுப்பினார்கள். ஜிண்டபைனில் நாங்கள் எடுத்திருந்த விடுதி அறைக்கு வந்து சேர்ந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. அன்ரியை நாற்காலியில் உட்காரவைத்து, காலைத் தலையணை மேல் வைத்தாள் மகள். என் கணவர் அப்போதுதான் அந்த யோசனையைச் சொன்னார்.

"அக்காவுக்குச் சுத்திப் போடும்மா. மலையில அத்தன பேரு பாத்துக்கிட்டே இருந்தாங்க. கண்ணு பட்ருச்சு."

"சும்மா இருங்க, இந்த ஊர்ல யார் கண்ணு படப்போகுது" என்றேன். என் குரல் எனக்கே சரியாக இல்லை.

அன்ரி சிரித்தார். "எங்கட ஆக்கள் நாவூறு எண்டு சொல்லுவினம். அம்மா செய்யிறவா. செய்யுங்கோ, நோகிறத மறந்திருக்க ஏதும் வேணும் எனக்கு."

வேறு வழியில்லை. அஞ்சறைப்பெட்டி இருந்தது, உப்பு இருந்தது, வர மிளகாய் இருந்தது. இந்தச் சனியன்களை மூட்டை கட்டிக்கொண்டு வந்ததும் நான்தானே. கிழக்கு எது என்று கணவர் போனில் பார்த்துச் சொல்ல, நாற்காலியைத் திருப்பினோம். கையில் உப்பும் மிளகாயும் கடுகுமாக மூடிக்கொண்டு அவரைச் சுற்றினேன். "ஊர்க்கண்ணு, உறவுக்கண்ணு, நல்ல கண்ணு, பொல்லாத கண்ணு" என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். உறவுக்கண்ணு என்ற இடத்தில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "தூன்னு துப்புங்க அக்கா" என்றேன். என் உள்ளங்கையில் அவர் பணிவாகத் துப்பினார். எந்தக் கண் பட்டதோ அந்தக் கண்ணுக்குச் சொந்தக்காரியே சுற்றிப்போடுகிற கூத்து எங்கேயாவது நடந்திருக்குமா?

நெருப்புக்கு எங்கே போவது? இருந்தது மின்சார அடுப்பு. வாணலியைக் காயவைத்து அதில் கொட்டினேன். குளிரென்று ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. எங்கள் கணக்குத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: மிளகாய் கருகும்போது நெடி வந்தால் கண் எதுவும் இல்லை. நெடி வரவில்லையென்றால் கண் பட்டது நிஜம். நெடி எவ்வளவு குறைவோ கண் அவ்வளவு பெரிது.

நெடி வரவில்லை. மிளகாய் மெல்ல நிறம் மாறிக்கொண்டிருந்தது. மகள் என் தோளுக்குப் பின்னால் வந்து எட்டிப் பார்த்தாள். கணவர் மூக்கை உறிஞ்சிவிட்டு, "பாத்தியா, நெடியே இல்ல. அடேங்கப்பா, எவ்வளவு கண்ணு! யாருதோ பெரிய கொள்ளிக்கண்ணு" என்றார்.

அடுப்பின் குமிழைக் கடைசி வரைக்கும் திருகினேன். வா, வந்து தொலை, இருமல் வா என்று வாணலியைப் பார்த்துக் கெஞ்சினேன். அறிவியல் படித்தவள்தான் நான். ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று இயந்திரம் சொன்னாலும் இரண்டாவது தடவை சோதித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதவள். அன்றைக்கு நாலு மிளகாயின் தீர்ப்புக்காக அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன்.

வந்தது. முதலில் ஒரு கீற்றுப் புகை, பிறகு ஒரேயடியாக எல்லாம். கணவர் இருமினார், மகள் இருமினாள், நாற்காலியில் அன்ரி இருமினார். எனக்குக் கண்ணீர் கொட்டியது, சிரிப்பும் வந்துவிட்டது. நெடி, அப்பாடா, நெடி! அடுத்த நொடி கூரையிலிருந்த புகை எச்சரிக்கை மணி அலறியது. அதைத் தொடர்ந்து நடைபாதை மணி, அதைத் தொடர்ந்து விடுதி முழுவதும்.

உறைந்துபோன புல்வெளியில் விடுதி மொத்தமும் வந்து நின்றது. குளியல் அங்கியில் ஒருவர், சூப் கிண்ணத்தோடு ஒருவர், போர்வைக்குள் இரண்டு குழந்தைகள். எல்லோரும் இருமினார்கள். தீயணைப்பு வண்டி வந்தது. உள்ளே போய்விட்டு வந்தவர் கையில் எங்கள் வாணலி இருந்தது. "வாட் இஸ் திஸ்?" என்றார். அன்ரி ஒற்றைக் காலில், என் தோளில் முழு எடையையும் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தார். நான் பதில் தேடுவதற்குள் அவரே, "டின்னர்" என்றார். அந்த மனுஷன் எங்கள் நாலு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஜன்னலைத் திறந்துவைத்துச் சமைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

"மா, தட் வாஸ் சோ எம்பாரஸ்ஸிங்" என்றாள் மகள். அதோடு என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

மறுநாள் மெல்பனுக்குக் கிளம்பினோம். நான் முன்சீட்டில். பின்னால் அன்ரியின் கால் என் மகளின் மடியில், தலையணை மேல். வழிநெடுக அவள் அதைப் பிடித்துக்கொண்டே வந்தாள். கார் குலுங்கும்போதெல்லாம், "அப்பா, ஸ்லோ!" என்று அதட்டினாள். எனக்குக் காய்ச்சல் வந்தால் கதவருகே நின்று "ஆர் யூ ஓகே?" என்று கேட்டுவிட்டுப் போகிற பெண். வெயில் தடுப்பில் இருந்த சின்னக் கண்ணாடியில் அதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம், முடியவில்லை. இந்தக் காலால் அன்ரிக்கு ஆட்டம் பார்க்க முடியாது, தங்கும் வீட்டில்தான் இருப்பார், அவருடைய சீட் எனக்குத்தான் என்று ஒரு கணக்கும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. அது மட்டும் கொஞ்சம் இனித்தது.

மெல்பனில், ட்ருகனினாவில் என் கணவரின் சித்தப்பா மகன் வீட்டில் தங்கினோம். அங்கே போய்ச் சேர்ந்ததுமே அன்ரி மைதானத்துக்குப் போன் செய்தார். ஊன்றுகோலோடு வருகிறவர்களுக்குத் தனி இடம் இருக்கிறதாம், படி ஏற வேண்டாமாம். அவருடைய இரண்டு சீட்டையும் அங்கே மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். அவருக்கு ஒன்று, துணைக்கு வருபவருக்கு ஒன்று. என் கணக்கு அதோடு போயிற்று.

"நான்தான் துணை" என்றாள் மகள் உடனே.

அன்ரி அவள் தலையைத் தடவினார். "இல்லையம்மா. பாத்ரூமுக்கு, அது இதுக்கெண்டு என்னைத் தூக்கி நிமித்த வேணும். உம்மால ஏலாது. அம்மா வரட்டும்." பிறகு என்னைப் பார்த்து, "வாறீங்கள்தானே?" என்றார்.

என் கணவரை அனுப்ப முடியாது, அது எல்லோருக்கும் தெரியும். "வர்றேன் அக்கா" என்றேன். மகள் முகம் சுருங்கிப்போனது. அவளுக்கு அப்பாதான் ஜோடி. கார்னர் கிக் எது, கோல் கிக் எது என்று தெரியாத அப்பா. ஒரு சின்னப் பெண்ணுக்காக இரண்டு பெரிய பெண்கள் இழுத்த இழுப்பில் அவள் கடைசியில் அவரிடம் போய்ச் சேர்ந்தாள்.

மைதானம் நிரம்பி வழிந்தது. கால் நீட்ட வசதியாக இருந்தது எங்கள் இடம். மகளும் கணவரும் நேர் எதிரே, மேல் அடுக்கில். அவள் அந்தச் சிவப்பு ஜாக்கெட்டைத்தான் போட்டிருந்தாள், அதனால் கண்டுபிடிக்க முடிந்தது. ஒரு சிவப்புப் புள்ளி, அவ்வளவுதான். முதல் பாதியில் எதிரணிப் பெண் ஒருத்தி பந்தோடு கோலை நோக்கிப் பாய்ந்தாள். மைதானமே எழுந்தது. நான் உட்கார்ந்தபடியே "ஆஃப்சைட்" என்றேன். அப்புறம்தான் கொடி ஏறியது.

அன்ரி மெதுவாக என் பக்கம் திரும்பினார். "எங்க படிச்சனீங்கள்?"

"சும்மா தெரியும்."

பார்க்க வேண்டியவள் எதிர்ப்பக்கத்தில், மைதானத்தின் முழு அகலத்துக்கு அப்பால் இருந்தாள். இரண்டு வாரப் படிப்பு வீணாய்ப் போயிற்று. எனக்கு அழுகை வரும்போல இருந்தது. கோபமாகப் பையிலிருந்து வறுவலை எடுத்துத் தின்றேன். அன்ரி கை நீட்டினார், அவருக்கும் கொடுத்தேன்.

"அண்டைக்கு அடுப்பைக் கூட்டினனீங்கள், என்ன?" என்றார், ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே.

நான் வாயில் போட்டதை மெல்லவில்லை.

"நெடி வரேல்ல எண்டு உங்கட அவர் சொன்ன உடனே. நான் கதிரையில இருந்து பாத்துக்கொண்டுதான் இருந்தனான். நெடி வந்தவுடனே சிரிச்சனீங்கள்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"பிள்ளை என்னோட கதைக்கேக்குள்ள உங்கட முகம் போற போக்கைக் கனநாளாப் பாக்கிறன்."

தெரிந்துகொண்டேதான் இருந்திருக்கிறார். எனக்கு வெட்கத்துக்குப் பதிலாகக் கோபம்தான் வந்தது. "அப்ப அந்தப் பையன்கிட்ட ஏன் இல்லன்னு சொல்லல?"

"எந்தப் பெடியன்?"

"லிஃப்ட்டுல. உங்க பொண்ணுன்னு சொன்னானே. தேங்க்ஸ் சொன்னீங்களே. வேலிக்குப் பக்கத்துல நான்தான் உக்காந்திருந்தேன் அக்கா."

அவர் ஊன்றுகோல்கள் இரண்டையும் மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். மைதானத்தில் யாரோ கீழே விழுந்து, விசில் ஊதி, ஆட்டம் நின்றிருந்தது.

"முதல் தரம் லிஃப்ட் வந்திட்டுது, சொல்ல நேரமில்லை" என்றார்.

"முதல் தரமா?"

"அவன் ஒவ்வொரு தரமும் ஏதோ சொன்னவன். உங்கட மகள் கெட்டிக்காரி எண்டான். உங்களை மாதிரியே இருக்கிறா எண்டான். ஒரு தரமும் நான் இல்லையெண்டு சொல்லேல்ல. சொல்ல மனம் வரேல்ல." என்னைப் பார்க்காமலே சொன்னார். "உங்களுக்கு அவ ஒவ்வொரு நாளும் மகள். எனக்கு அந்த லிஃப்ட் வாற வரைக்கும்தான்."

ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் பொய்யாக இருந்திருக்கும், ஏனென்றால் அந்த நேரத்திலும் என் வயிற்றில் எரிச்சல் முழுதாக அணையவில்லை. அந்தப் பையன் 'உங்களை மாதிரியே இருக்கிறாள்' என்று சொன்னது இப்போது புதிதாகச் சேர்ந்துகொண்டது. ஆனால் அவர் கண் கலங்கியிருந்ததையும் பார்த்தேன். அதைத் துடைக்கக்கூட அவர் ஊன்றுகோலை விடவில்லை.

இரண்டாம் பாதியில் ஆஸ்திரேலிய அணி கோல் போட்டது. சத்தம் காதை அடைத்தது. எதிர்ப்பக்கத்தில் சிவப்புப் புள்ளி துள்ளிக் குதித்தது. பிறகு எங்களைப் பார்த்து இரண்டு கைகளையும் தலைக்கு மேலே வீசி வீசிக் காட்டியது. யாருக்கென்று அத்தனை தூரத்தில் எப்படித் தெரியும்? என் கை தானாகவே எழப் பார்த்தது. பக்கத்தில் அன்ரி ஊன்றுகோல்களைப் பிடித்தபடி அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையைத் தூக்கட்டும் என்று காத்திருக்கிறார் என்று புரிந்தது.

"க்ரட்ச்சக் குடுங்க" என்றேன்.

"ஏன்?"

"குடுங்கன்னா குடுங்க. கை காட்டணும்ல."

அவரிடமிருந்து இரண்டையும் பிடுங்கி, என் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டேன். அன்ரி எதிர்ப்பக்கம் திரும்பி, இரண்டு கைகளையும் உயரத் தூக்கி, சின்னப்பிள்ளை மாதிரி வீசினார். சிவப்புப் புள்ளி இன்னும் வேகமாகக் குதித்தது. நான் ஊன்றுகோல்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த கோலுக்கு இவற்றை அவர்தான் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். "ஓம், ஓம்" என்றார்.

அதன் பிறகு யாரும் கோல் போடவில்லை.